பரிசை என்று கத்தினால்

மலையில் யாராவது "பரிசை!" என்று கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் நினைவிருக்கிறது? எல்லாருக்கும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முழங்கால் வலி, சீனி வருத்தம், பிரஷர் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். ஆனாலும் பின்னாலிருந்து யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், பதுளை பஸ் நிலையம் என்றுகூடப் பார்க்காமல் நீங்களும் நானும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குந்திவிடுவோம். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நம் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும் என்பதால் தெரிந்த விஷயத்தையே கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றி ஒரு தடித்த கித்தான் துணியைக் கட்டுவார்கள். அதற்குப் படங்கு என்று பெயர். தேயிலைச் செடியின் வாது குத்திச் சேலையைக் கிழிக்காமல் இருக்கவும், பனி ஈரம் உடம்பில் ஏறாமல் இருக்கவும்தான் அது. குளவி என்று நாம் சொல்கிற பெரிய மலைத்தேனீ கலைந்தால் அந்தப் படங்கே உயிரைக் காப்பாற்றும். முதலில் பார்ப்பவள் "பரிசை!" என்று கத்துவாள். உடனே கூடையைத் தள்ளிவிட்டு, படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் போட்டு, விளிம்பை நாலு பக்கமும் முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு, செடியின் தூரோடு ஒட்டிக் குந்த வேண்டும். அசையக் கூடாது. முக்கியமாக, ஓடக் கூடாது. ஓடுகிறவள் பின்னால்தான் கூட்டம் போகும்.

இதை இப்போது எழுதக் காரணம் போன மாதம் ஹாலிஎலயில் நடந்த கல்யாணம். நம் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பழைய கதைகள் வந்தன. எங்கள் சித்தியின் பேச்சும் வந்தது. உங்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பாயாசத்தை உறிஞ்சியபடி சொன்னாள்: "பாவம் ஒங்க சித்தி. அன்னக்கி ஒங்கம்மா படங்கப் புடுங்காம இருந்திருந்தா, இந்நேரம் பேரப்புள்ளைங்களப் பாத்திருக்கும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா" என்றேன். சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினேன். வீட்டுக்கு வந்தபின் என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அம்மா செத்து ஒரு வருடம் ஆகிறது. அவள் செத்த பிறகும் நான் "ஆமா" என்று சொல்லியிருக்கிறேன்.

பரிசை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் சிறு வயதிலேயே எனக்கு ஒரு அரிப்பு. மலையில் நின்றுகொண்டு குளவியின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், நினைவிருக்கிறதா? பெயரைச் சொன்னால் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து வந்துவிடுமாம். "மேல இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அது சரி, அதற்காக ஏன் பரிசை? பக்கத்துக் காம்பிராவில், எங்கள் சுவருக்கு அந்தப்பக்கம், இருந்த பெரியம்மா, அது நம் அம்மனின் பழைய பெயர், கூப்பிட்டால் ஓடி வந்து மறைத்துக்கொள்வாள் என்பாள். அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார்.

அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில் பெட்டி அடிக்கிற வேலை. உடைந்த பெட்டிப் பலகைகளையும் உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். திருவிழாக் கூத்துக்கு ராஜாக்களின் கிரீடமும் வாளும் அதில்தான் செய்வார். பலகையை வட்டமாக அறுத்து, ஈயத்தாள் ஒட்டி, பின்னால் சைக்கிள் டியூபில் ஒரு பிடி வைப்பார். அதுதான் பரிசை. வாளை வலது கையிலும் பரிசையை இடது கையிலும் பிடித்துக்கொண்டு ராஜா வந்தால், கேஸ் லைட் வெளிச்சம் அதில் பட்டு நம் கண் கூசும். அதை முகர்ந்து பார்த்தால் தேயிலைத் தூளும் பசையும் கலந்த ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை இப்போது எங்கே போய்த் தேடுவது?

"மொத மொத கப்பலேறி வந்தவங்களுக்கு இந்த மலைக் குளவியெல்லாம் தெரியாது" என்று அப்பா சொல்வார். "ஊருல கூத்துக் கட்டுனவன் ஒருத்தன் இங்க கங்காணியா இருந்திருக்கான். கூட்டம் கலஞ்சி வந்தப்ப அவன் வாயில கூத்து வார்த்ததான் வந்திருக்கு. பரிசையத் தூக்குன்னு கத்திருக்கான். பொம்பளைங்க படங்கத் தூக்கிருக்காங்க. அம்புட்டுத்தான்." உண்மையா, அப்பாவே கட்டியதா, தெரியாது. எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது.

சித்தி எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போதே தாய் தகப்பன் போய்விட்டதால், அம்மாதான் கையோடு கூட்டி வந்து வளர்த்தாள். அந்த வருடம் பண்டாரவளைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தையில் கல்யாணம். சித்தியிடம் ஒரு பவுடர் டப்பா உண்டு. பவுடர் தீர்ந்து எவ்வளவோ காலம். ரிப்பன் துண்டுகளையும் கல்யாணத்துக்கு வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையல்களையும் அதில்தான் வைத்திருந்தாள். நாளுக்கொரு தரம் திறந்து எண்ணுவாள். நான் தொட்டால் கையில் ஒரு தட்டு.

அவள்தான் எனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவேனாம். ரொட்டி ஏன் இன்றைக்குச் சின்னது என்று கேட்டால், "அக்கா, வக்கீலம்மா கேஸு போட்டிருச்சு, வந்து பதில் சொல்லு" என்று அம்மாவைக் கூப்பிடுவாள். அம்மா அடுப்படியிலிருந்தே சிரிப்பாள். அம்மா அப்படிச் சத்தமாகச் சிரித்தது அந்த வருடத்தோடு சரி.

கச்சான் காற்று வீசும் மாதங்கள் அவை. மழை நின்று பல நாளாகியிருந்தது. பகலெல்லாம் தகரக் கூரைகள் அடித்துக்கொள்ளும், துணி காயப் போட்டால் அரை மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிடும். லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் நூல்போல வந்தது. இப்படிக் காய்ந்து கிடந்ததை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பேன்.

நம் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தவணைதான் ஒரு புது மாஸ்டர் வந்திருந்தார். யாழ்ப்பாணப் பக்கம். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தங்கித் தானே சமைத்துச் சாப்பிட்டார். குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொள்வதைப் பார்த்து நாம் சிரிப்போம். நல்ல மனிதர். தேயிலை மலைக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை, அவ்வளவுதான்.

'எங்கள் வீட்டில் உள்ள பயனுள்ள பொருள்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். நீங்கள் எல்லாம் அம்மி, விளக்கு, கோழிக் கூடு என்று எழுதினீர்கள். நான் படங்கைப் பற்றி எழுதினேன். ஆபத்து வரும்போது எங்கள் அம்மாவின் படங்கு பரிசை ஆகிவிடும் என்று முடித்திருந்தேன். அது ரொம்ப அழகான வாக்கியம் என்று எனக்குள் ஒரு கர்வம். கொப்பி திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

வகுப்பு விட்டு எல்லாரும் போன பிறகு நான் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்பிடி ஒரு சொல் தமிழிலை இல்லைப் பிள்ளை" என்றார் மாஸ்டர். "வாயில வாறதை எல்லாம் எழுதக் கூடாது."

"இருக்குங்க சார். எங்கம்மா வச்சிருக்கு."

"அம்மா வச்சிருக்கிறாவோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அப்ப நாளைக்குக் கொண்டந்து காட்டும், பாப்பம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஒரு பத்து வயதுப் பிள்ளை அதைக் கோர்ட் உத்தரவு மாதிரி எடுத்துக்கொள்ளும் என்று அவர் எங்கே கண்டார்? நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வேலை முடிந்து அம்மா அவிழ்த்துப் போட்டபின் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். ஓடிப் போனால் பத்து நிமிடம். ஆனால் அவர் 'நாளைக்கு' என்று சொன்னார், எனக்கு விடியும்போதே ஜெயிக்க வேண்டும். கேட்டால் அம்மா தர மாட்டாள் என்றும் தெரியும்.

மறுநாள் விடியற்காலை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய படங்கை எடுத்துச் சுருட்டி, வெளியே விறகு அடுக்குக்குப் பின்னால் செருகினேன். தேயிலைக் கறை ஏறி விறைத்த துணி, மடிக்க மடிக்க நிமிர்ந்துகொண்டு வந்தது.

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. வேலைக்குப் பேர் கொடுக்கப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா ஆணியைப் பார்த்தாள், கூடைக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி, படங்கப் பாத்தியா?"

"இல்லம்மா."

தலையைக் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே சொன்னேன். அம்மா உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றை எடுத்து இடுப்பில் சுற்றினாள். அது முன்பக்கத்தைத்தான் மூடியது. வாசலில் நின்ற சித்தி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ வாக்கா, நேரமாச்சு. நாம பக்கத்துப் பக்கத்து நெரதானே. ஏதாச்சும்னா என் படங்குல ரெண்டு பேரும் ஒதுங்கிக்கலாம்."

இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். சித்தி திரும்பி எனக்குப் பழிப்புக் காட்டிவிட்டுப் போனாள். நான் அவளை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

நீங்கள் யாரும் வருவதற்கு முன்பே நான் மாஸ்டரின் அறை வாசலில் நின்றேன். அவர் வாயில் பற்பசை நுரையோடு வெளியே வந்தார். படங்கை விரித்துக் காட்டினேன். எப்படிப் போடுவது, எப்படிச் செருகுவது, எப்படிக் குந்துவது என்று செய்து காட்டினேன். உள்ளே ஒரே இருட்டு. அம்மாவின் வேர்வையும் பச்சைக் கொழுந்தின் கறையும் கலந்து மணத்தது. வெளியே சத்தமே இல்லை. தலையை வெளியே நீட்டினால் மாஸ்டர் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"யார் உங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"எல்லாருக்கும் தெரியுங்க சார். ஒங்களுக்குத்தான் தெரியாது."

படங்கை அவரே மடித்துத் தன் கட்டிலில் வைத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் எடுத்துக்கொண்டு போ என்றார். அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். முதல் பாடத்தில் கரும்பலகை நடுவில் 'பரிசை' என்று பெரிதாக எழுதினார். "இது உங்கட சொல். எனக்குத் தெரியாமல் இருந்தது, அது என்ரை பிழை" என்றார். அன்றைக்கு எதற்காக அப்படி எழுதினார் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஆனால் உண்மை அதுதான். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

எழுத்து பலகையில் அப்படியே இருந்தது. இடைவேளை மணி இன்னும் அடிக்கவில்லை. எதிர் மலையிலிருந்து காற்றோடு அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒரு குரல், பிறகு பல குரல்கள். பரிசை, பரிசை. நாம் எல்லாரும் ஒரே நொடியில் வாங்குகளுக்கு அடியில் குந்திவிட்டோம். மாஸ்டர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் பலகையைப் பார்த்தார், பிறகு குனிந்து வாங்குக்கு அடியில் இருந்த என்னைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது.

மலையில் நடந்ததை நமக்குச் சொன்னவள் பக்கத்துக் காம்பிராப் பெரியம்மா. அவள் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெரிய சவுக்கு மரத்துக் கூட்டில் பருந்து அடித்திருக்கிறது. கூட்டம் கலைந்து சரிவில் இறங்கியிருக்கிறது. பெரியம்மா இரண்டு செடி நிரை தள்ளித் தன் படங்குக்குள் குந்தியிருந்தாள். விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். அக்காளும் தங்கையும் ஒரே படங்குக்குள் இருந்தார்கள். சித்தி வெளியே வந்தாள். எழுந்து ஓடினாள். அவள் பின்னால் கூட்டம் கரும்புகையாகப் போனது. படங்கு அம்மாமேல் இருந்தது. அதன் விளிம்பை அம்மாவின் இரண்டு கைகளும் பிடித்துக்கொண்டிருந்தன.

பெரியம்மா பார்த்தது இவ்வளவுதான். மீதியை லயம் சேர்த்துக்கொண்டது. தங்கச்சியை வெளியே தள்ளிவிட்டாள் என்றார்கள் சிலர். தன்பக்கம் இழுத்துக்கொண்டாள் என்றார்கள் சிலர். கடைசியில் 'புடுங்கிக்கிட்டா' என்று ஒரே சொல்லாக நிலைத்துவிட்டது.

கொழுந்து ஏற்றும் லொறியில்தான் இருவரையும் பதுளைக்குக் கொண்டு போனார்கள். ஹாலிஎலயைத் தாண்டும் முன்பே சித்தி போய்விட்டாள். அம்மாவை வார்டில் போட்டார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது வெயில் சாய்ந்திருந்தது. கட்டிலில் கிடந்தது அம்மாதான் என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முகம் வீங்கி, கண் இரண்டும் கீறல் மாதிரி இருந்தன. கைகள் போர்வைக்கு வெளியே கிடந்தன. அந்தக் கைகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கணக்கப்பிள்ளை ஐயா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். அவருக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"ஒன் படங்கு எங்க? சாக்கக் கட்டிக்கிட்டு மலைக்கி வந்தியாமே?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் சொல்லிவிடத்தான் இருந்தேன். கடவுள் அறிய வாயைத் திறந்தேன். அந்தக் கீறல் கண்கள் என் பக்கம் திரும்பின. என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். காலையில் நான் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னதும், இப்போது வாயைத் திறந்து நிற்பதும், இரண்டும் சேர்ந்து அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். அவள் முந்திக்கொண்டாள்.

"ராத்திரி நனஞ்சிருச்சுங்கய்யா. காயப் போட்டுட்டு வந்தேன்."

நனைந்ததாம். கச்சான் காற்றில், வாரக் கணக்கில் ஒரு துளி விழாத மாதத்தில், காய்ந்து மொறமொறத்துக் கிடந்த தோட்டத்தில். இதற்காகத்தான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கணக்கப்பிள்ளை ஐயா அதை எழுதிக்கொண்டார். அவர் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பொய் சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது, எதற்கு என்று மட்டும் தெரியவில்லை. அந்த இடத்தில் லயத்துப் பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது.

சித்தியின் சாவுக்கு அம்மா வரவில்லை, வார்டில் கிடந்தாள். பவுடர் டப்பாவைக் குழியில் வைக்கச் சொல்லி யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். வளையல்கள் உள்ளே குலுங்கிய சத்தம் கேட்டது. உங்களில் சிலர் எனக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

அம்மா வீட்டுக்கு வந்து ஐந்தாறு நாள் கழித்து மாஸ்டர் வந்தார். எல்லாரும் மலைக்குப் போயிருந்த நேரம், வீட்டில் அம்மாவும் நானும்தான். பேப்பரில் சுற்றிய படங்கைக் கக்கத்தில் வைத்திருந்தார். வாசலிலேயே நின்றார். அம்மா எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் கொண்டு வரச் சொன்னனான்" என்று ஒருவழியாகச் சொன்னார். "நான்தான் அம்மா."

"தெரியுங்க சார்."

"தலைமை மாஸ்டரிட்டை, உங்கட ஆக்களிட்டை, நான் வந்து சொல்லுறன்."

"வேணாங்க சார். யாருக்கிட்டயும் சொல்லாதீங்க. இது சின்னப் புள்ள. நாளைக்கி இந்த லயத்துலதான் வளரணும். சித்தியத் தின்னவன்னு ஒரு பேரு வந்தா அது காலத்துக்கும் போவாதுங்க."

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய மனிதர் ஒருவர் அழுவதை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். அந்தத் தவணை முடிவில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் எங்கே போனார், இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் இருந்தவரை அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வராத பெயர் அம்மாவுக்கு வந்தது. அதே படங்கைக் கட்டிக்கொண்டு, இன்னும் இருபது வருடத்துக்கு மேல் அதே மலையில் கொழுந்து பறித்தாள். அதைப் பார்த்து, "இந்தா இருக்கே, அன்னக்கி இதக் கட்டிக்கிட்டு வந்தா என்னவாம்" என்று பேசினார்கள். அவளுக்குப் பக்கத்து நிரை பிடிக்க யாரும் பிரியப்படவில்லை. சண்டை வந்தால் எதிராளி கடைசியாக எடுக்கும் ஆயுதம் அதுதான்: "தங்கச்சி உசுரப் புடுங்குனவதானே நீ?" அம்மா கூடையை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவாள். அப்பா அதற்குப் பிறகு பரிசை செய்யவில்லை. அம்மாவோடு அதிகம் பேசவும் இல்லை. அவர் சாகும்வரை அவர் மனதில் அந்தக் கேள்வி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். வக்கீலம்மா வாயே திறக்கவில்லை.

முதலில் பயம். பிறகு கல்யாணம், மாமியார் வீடு, பிள்ளைகள். இனி எதற்கு என்று ஒரு சோம்பேறித்தனம். இப்படித்தான் வருடங்கள் போயின. வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

கடைசிக் காலத்தில் அம்மா பதுளையில் என்னோடுதான் இருந்தாள். குளிர் நாட்களில் அவள் கைவிரல்கள் மடங்காது. மத்தியானத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவேன். ஒரு நாள், நான் கேட்காமலேயே, கையை என் மடியில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேருக்கு அந்தப் படங்கு பத்தல. செருகுனா ஒரு பக்கம் தூக்கிக்கும். உள்ள நாலஞ்சி வந்திருச்சு. அவ என் காதுகிட்ட சொன்னா, ரெண்டு பேரும் இப்பிடியே இருந்தா ரெண்டு பேரும் போயிருவோம்கா, வீட்ல வக்கீலம்மா இருக்குன்னா. நான் புடிக்கிறதுக்குள்ள வெளிய போயிட்டா. ஓடக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் ஓடுனா."

நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"நான் விளிம்பத் தூக்கிப் புடிச்சிக்கிட்டே இருந்தேன். திரும்பி வந்தா உள்ள வரணும்ல."

"அம்மா, அந்தப் படங்கு..." என்றேன்.

அவள் மற்றக் கையால் என் வாயை மெல்ல மூடினாள்.

"வக்கீலம்மா, கேஸு முடிஞ்சிருச்சு. எண்ணெயத் தேய்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த கச்சான் வருவதற்குள் போய்விட்டாள்.

ஹாலிஎலக் கல்யாணத்திலிருந்து வந்த மறுநாள் மகளிடம், போனில் தமிழ் அகராதி இருக்கிறதா, பரிசை என்று போட்டுப் பார் என்றேன். தேடிப் பார்த்துக் காட்டினாள். பரிசை என்றால் கேடகம். அடியைத் தாங்கித் தடுக்கிற கேடகம். எங்கள் அப்பாவின் கதை சரியாகத்தான் இருந்திருக்கிறது. நமக்கும் தோட்டத்துக்கும் வெகு காலத்துக்கு முன்பே அந்தச் சொல் தமிழில் இருந்திருக்கிறது. மாஸ்டர் அன்றைக்கு ஓர் அகராதியைத் திறந்திருந்தால் போதும். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அகராதியே கிடையாது. மகள் "ஏம்மா அழுறீங்க?" என்று கேட்டாள். சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளும் தெரிந்துகொள்வாள்.

இப்போதும் குளவி கொட்டுகிறது. கிளினிக்குக்குப் போகிற நாட்களில் ஆஸ்பத்திரி வாசலில் வாகனங்கள் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். இறக்கப்படும் பெண்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்ப்பேன். படங்கைப் போர்த்துக்கொண்டு விளிம்பைச் செருகியவளின் கைகள் உள்ளே இருக்கும். முதுகில் கொட்டியிருக்கும், காலில் கொட்டியிருக்கும். கைகள் தப்பிவிடும். நீங்களும் நானும் அப்படித்தான் குந்தப் பழகினோம்.

அம்மாவின் கைகளுக்கு வருகிறேன். அன்று வார்டில் அவள் இரண்டு கைகளும் முழங்கைவரை வீங்கியிருந்தன. தாதி பித்தளை வளையல்களைக் குறட்டால் வெட்டித்தான் எடுத்தார். விரல்களில் கொடுக்குகள் அப்படி அப்படியே நின்றன. அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பீங்கான் தட்டில் போட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா லயத்துக்குத் திரும்பும்போது வீக்கம் வற்றிவிட்டது. அதனால் உங்கள் அம்மாமார் யாரும் அதைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். அவள் படங்கை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. தங்கச்சி உள்ளே வரட்டும் என்று திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.